வெள்ளிக்கிழமைக்குள் நீலம்

1

போன வாரம் டியூட்டிக்குப் போகும் வழியில், முன்பின் தெரியாத ஒருவருடைய வீட்டு வளாகத்துக்குள் புகுந்துவிட்டேன்.

கம்பெனி பஸ் சிக்னலில் நின்றிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு வில்லாவின் திறந்த கேட் தெரிந்தது. உள்ளே நீச்சல் குளம். இரண்டு பேர் நீளக் கம்பில் வலை மாட்டிக் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த குளத்தைத் திறக்கிறார்கள். மார்ச் பிறந்தால் வளைகுடா முழுக்க நடக்கிற வேலைதான். குளத்தின் ஓரமாக நான்கு வெள்ளைக் கேன்கள் இருந்தன. அவ்வளவுதான் பார்த்தேன். அடுத்த நிமிடம் டிரைவரிடம் கதவைத் திறக்கச் சொல்லி இறங்கி, ரோட்டைத் தாண்டி, அந்தக் கேன்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பி லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"க்யா பாய்? க்யா சாஹியே?" என்று அந்த இரண்டு பேரில் ஒருவன் கேட்டான். என்ன வேண்டும் எனக்கு? லேபிள் எல்லாம் சரியாக இருந்தது. ஆசிட் கேனுக்குச் சிவப்பு மூடி போட்டிருந்தார்கள். அதற்குள் வாட்ச்மேன் வந்து, "யல்லா, யல்லா" என்று தோளைப் பிடித்து என்னை வெளியே தள்ளினான். பஸ் போய்விட்டிருந்தது. முக்கால் மணி நேரம் வெயிலில் நடந்து வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

திருச்சியிலிருந்து சொந்தக்காரர்கள் நீங்கள் எல்லாரும் எழுதுகிற கடிதங்களில் ஒரே கேள்விதான் இருக்கிறது. பஹ்ரைனில் நன்றாகத்தானே இருந்தாய், ஏன் விட்டுவிட்டு நாலு மாதம் ஊரில் உட்கார்ந்தாய், ஏன் இப்போது குவைத், அப்பாசியா என்று புது விலாசம்? "எண்ணெய் விலை இறங்கிடுச்சு, ஆளைக் குறைச்சாங்கன்னு எழுதிடுங்க" என்றாள் என் மனைவி சரோஜா. அப்படியே எழுதினேன். அத்தனை பேருக்கும் ஒரே பொய்யைத் தனித்தனி ஏரோகிராமில் எழுதினேன். வருடம் ஒன்றாகிவிட்டது. இனி அந்தப் பொய்யை எழுத முடியாது.

2

பஹ்ரைனில் நான் வேலை பார்த்தது, தண்ணீரைச் சுத்தம் செய்யும் ரசாயனங்கள் விற்கிற ஒரு கம்பெனியில். விசாவில் என் உத்தியோகம் 'கெமிஸ்ட்'. மற்ற மாதங்களில் லேபில் உட்கார்ந்து தண்ணீர் மாதிரிகளைச் சோதிப்பேன். மார்ச், ஏப்ரலில் மட்டும் கெமிஸ்டாவது கத்தரிக்காயாவது. வில்லாக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் குளத்தைத் திறக்கச் சொல்லிப் போன் செய்வார்கள். வேனில் ஏறிக் கிளீனர்களோடு நானும் போக வேண்டும்.

நவம்பரில் பம்பை நிறுத்திவிட்டுப் போகிற குளம் மார்ச்சில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தண்ணீர் அடர்பச்சையாகக் கட்டியிருக்கும். பேரீச்சை மட்டை, பிளாஸ்டிக் பை, செத்த மைனா, ஊறி வெளுத்த பல்லி எல்லாம் மிதக்கும். அடியில் குளிர்காலப் புழுதிக்காற்று கொண்டுவந்து போட்ட மண் முழங்கை ஆழத்துக்குச் சேறாகக் கிடக்கும். முதலில் வலையால் அள்ள வேண்டும். பிறகு சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். சேறு அடங்க ஒரு நாள் விட்டு, அடியில் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டும். மணல் ஃபில்டரைத் திருப்பி ஓடவிட்டுக் கழுவ வேண்டும். ஆசிடும் குளோரினும் அளந்து அளந்து போட்டு, சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து நிறம் பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் தண்ணீர் பால் மாதிரி கலங்கிப்போகும். எட்டு நாள் வேலை. குறைத்தால் ஆறு நாள்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் கோபிநாத் மெட்ராஸ்காரர். மெட்ராஸ் ஓட்டல் ஒன்றில் என்னை இன்டர்வியூ எடுத்தவரும் அவர்தான். "இந்தப் பாலைவனத்துல நமக்கு நாமதான் சார்" என்று முதல் நாளே கையைப் பிடித்துச் சொன்னார். நான் உருகிப்போனேன். நாளாக நாளாக ஒன்று புரிந்தது. ஏதாவது மறுக்க வேண்டுமென்றால் அவர் இங்கிலீஷில் பேசுவார். ஏதாவது வேண்டுமென்றால் தமிழில் பேசுவார்.

எண்பத்தாறாம் வருட மார்ச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மேஜைக்கே வந்து தமிழில் பேசினார்.

"நம்ம வீட்டுக் குளத்தத் திறக்கணும் சார். வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி குடும்பத்தோட வர்றார். வெளிநாட்டு கெஸ்ட்டும் உண்டு. தண்ணி நீலமா இருக்கணும்."

"அஞ்சு நாள்தானே சார் இருக்கு. முடியாது. கொறஞ்சது ஆறு நாளாவது..."

"நீங்க எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. உங்களால முடியாதா? ரெண்டு மடங்கு மருந்து போடுங்க. நாளைக்குக் காலையில நீங்களே நேர்ல நின்னு பாத்துக்கங்க. ஆங், உங்க பொண்ணையும் பார்ட்டிக்கு அனுப்புங்க, என் பொண்ணு கேட்டுட்டே இருக்கா."

எங்கள் மகள் நித்யாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஈசா டவுன் இந்தியப் பள்ளிக்கூடத்தில் மேனேஜர் மகளும் அவளும் ஒரே வகுப்பு. அதற்காகவே ஈசா டவுனில் வீடு பிடித்திருந்தோம்.

அன்றைக்கு நான் கொதித்தேன். பட்டம் வாங்கியது இன்னொருவன் வீட்டுப் பாசியைச் சுரண்டவா என்று சரோஜாவிடம் கத்தினேன். இப்போது நினைத்தால் அந்தக் கோபத்தின் மேலேயே கோபம் வருகிறது. முழுக்க என் பட்டத்துக்காகப் பட்ட கோபம் அது. அந்தப் பாசியை உண்மையில் சுரண்டப் போகிறவனைப் பற்றி நான் ஒரு வார்த்தை நினைக்கவில்லை.

3

சுரண்டியவர் நல்லையா. இலங்கையில் பருத்தித்துறைக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு ஏஜென்ட் மூலம் கிளீனர் விசாவில் வந்தவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவர் என்னை சேர் என்பார். எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. குளத்தைத் திறக்கப் போனால் முதலில் விளிம்பில் குந்தி, தண்ணீரில் விரலை விட்டு மோந்து பார்ப்பார். என் கண்ணாடிக் குழாய் சொல்வதை அவர் மூக்கு முன்னாலேயே சொல்லிவிடும்.

திங்கட்கிழமை காலையில் வேனை ஓட்டி வந்தவர் பெஷாவர்க்காரர் கரீம் பாய். பின் இருக்கையில் நல்லையாவும் நானும். மேனேஜர் வில்லா புதையா ரோட்டில், பேரீச்சந்தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. குளத்தைப் பார்த்ததும் நல்லையா சிரித்தார்.

"இவ்வளவு தண்ணி, சேர். அஞ்சு மாசமா ஒரு மனிசர் இறங்கேல்ல. என்ர பிள்ளையள் அங்க பள்ளிக்கூடத்துக் காம்பில ஒரு வாளிக்கு வரிசையில நிக்கினம்."

ஷெல் அடிக்குப் பயந்து அவருடைய மனைவியும் இரண்டு பெண்களும் வீட்டை விட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் வலையை விட்டார். மத்தியானத்துக்குள் குப்பையை அள்ளிக் கரையில் குவித்துவிட்டார். அடுத்து குளோரின்.

பம்பு அறை என்பது குளத்தின் ஓரத்தில், தரைக்குக் கீழே, ஆள் உயரக் கான்கிரீட் குழி. மேலே இரும்பு மூடி. இறங்க ஏணி. காற்று போகிற வழி கிடையாது. உள்ளே இருக்கிற தொட்டியில் குளோரின் திரவத்தை ஊற்றினால் பம்பு அதைக் குளத்துக்கு அனுப்பும். நல்லையா ஒரு கேனை இறக்கி ஊற்றினார். மேலே வந்து இரண்டாவது கேனை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினார்.

முதல் கேனில் குளோரின் இருந்தது. இரண்டாவது கேனில் ஆசிட் இருந்தது. இரண்டுமே ஒரே மாதிரி வெள்ளைக் கேன். லேபிள் கிடையாது. எங்கள் ஸ்டோரில் காலிக் குளோரின் கேன்களிலேயே ஆசிட்டையும் நிரப்பி வைத்தார்கள். இதைப் பார்த்துவிட்டு இரண்டு மாதங்களுக்கு முன்பே மேனேஜருக்கு மெமோ எழுதியிருந்தேன். ஆசிட்டுக்கு வேறு நிறக் கேன் வாங்குங்கள், லேபிள் ஒட்டுங்கள், இரண்டும் கலந்தால் விஷவாயு என்று தெளிவாக இங்கிலீஷில் எழுதியிருந்தேன். போபால் நடந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத நேரம். மெமோவின் ஓரத்தில் 'நோட்டட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினார் கோபிநாத். நான் அதை ஃபைலில் போட்டேன். என் கடமை முடிந்ததென்று நினைத்தேன்.

குளத்தின் மறுகோடியில் நான் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தபோது இருமல் சத்தம் கேட்டது. ஓடினேன். குழியின் வாயில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை தளும்பிக்கொண்டிருந்தது. குளோரின் வாயு காற்றைவிடக் கனம். பள்ளத்தை விட்டு ஏறாது. இதைக் கல்லூரிப் பையனுக்குக்கூட என்னால் சொல்லிக்கொடுக்க முடியும். கீழே அந்த மனிதர் கையால் சுவரைத் தடவி ஏணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏணி இடது பக்கம்! இடது பக்கம் அண்ணே! மேல வாங்க!"

இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியில் கால் நழுவியது. துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு நான் படுத்துக் கையை நீட்டினேன். கரீம் பாய் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நல்லையாவின் சட்டைக் காலர் என் கையில் சிக்கியது. இருவருமாக இழுத்துப் போட்டோம். கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன. வாயில் நுரை. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் கிழிகிற சத்தம் கேட்டது.

மாடி பால்கனிக் கதவு திறந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த கோபிநாத் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"கேஸ் சார். நல்லையா மாட்டிக்கிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

"சரி சரி, போங்க." நாங்கள் அவரைத் தூக்கி வேனில் ஏற்றினோம். கதவைச் சாத்தும்போது மேலேயிருந்து குரல் வந்தது. "சார், வெள்ளிக்கிழமைக்குத் தண்ணி ரெடியாயிடும்ல?"

4

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வார், ஆனால் நுரையீரல் பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேலையில் நடந்த விபத்து என்பதால் ஆஸ்பத்திரியே போலீசுக்குச் சொல்லிவிட்டது. போலீஸ், சம்பவத்தைப் பற்றி கம்பெனி கெமிஸ்டிடமிருந்து எழுத்து மூலம் அறிக்கை கேட்டது. அரபியில் வேண்டும்.

புதன்கிழமை காலை கோபிநாத் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். டீ வரவழைத்தார். தமிழில் ஆரம்பித்தார்.

"பாவம், நல்ல மனுஷன். ஆனா கவனம் பத்தாது சார். பாக்காம ஊத்திட்டான். அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. கேஸ் முடிஞ்சிடும்."

"கேன்ல லேபிளே இல்லையே சார். நான் மெமோகூட..."

"எந்த மெமோ?"

அவர் டீயை என் பக்கம் நகர்த்தினார்.

"ஜூன்ல தங்கச்சி கல்யாணம்னு லீவு கேட்டிருக்கீங்க. பாஸ்போர்ட் என் டிராயர்லதான் இருக்கு. பொண்ணு நல்லா படிக்கறா. எதுக்கு சார் நமக்குள்ள?"

"அவர் மேல தப்புன்னு எழுதினா அவருக்கு என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? விசா கேன்சல். ஊருக்குப் போயி ரெஸ்ட் எடுக்கட்டும்."

ரெஸ்ட்! அந்த வருடம் கொழும்பு விமான நிலையத்தில் இறங்குகிற பருத்தித்துறைக்காரனுக்கு என்ன ரெஸ்ட் கிடைக்கும் என்று பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் தெரியும். கோபிநாத் மூன்று பேப்பர் படிக்கிறவர்.

மேட்டூர்ப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் நான் நான்கு வருடம் வேலை பார்த்ததை நீங்கள் அறிவீர்கள். அங்கே ஒருமுறை வால்வு உடைந்து ஒரு ஃபிட்டருக்கு முகம் வெந்துபோனது. அவன் கவனக்குறைவு என்று நிர்வாகம் எழுதியபோது முதல் ஷிப்ட் முழுக்க கேட்டில் உட்கார்ந்துவிட்டது. அறிக்கையை மாற்றி எழுதி ஒலிபெருக்கியில் வாசித்த பிறகுதான் எழுந்தார்கள். நானும் அன்றைக்கு வெள்ளைக் கோட்டோடு அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். முந்நூறு பேரில் ஒருவனாக இருக்கும்போது என் முதுகெலும்பு நேராகத்தான் இருந்தது.

இங்கே தனியாக உட்கார்ந்து எழுதினேன். பொய்யும் எழுதக் கூடாது, மெய்யும் எழுதக் கூடாது என்று, ஒரு வாக்கியத்தை மூன்று மணி நேரம் செதுக்கினேன். 'தொழிலாளி ஒரு கேனை இன்னொரு கேன் என்று எடுத்துக்கொண்டார்.' இங்கிலீஷில் அதற்குத் தோதாக 'மிஸ்டுக்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதில் யார் மேலும் குற்றமில்லை. லேபிளைப் பற்றியும் ஒன்றுமில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு, மனாமா டைப்பிங் கடையில் அதை அரபியில் அடிக்கக் கொடுத்தேன். அங்கிருந்தவர் இரண்டு நிமிடத்தில் அடித்துத் தந்தார். எனக்கு அரபி படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டேன்.

5

வெள்ளிக்கிழமை பார்ட்டி நடந்தது. கம்பெனியின் இன்னொரு குழுவை விட்டு ராவும் பகலும் வேலை வாங்கிக் குளத்தை நீலமாக்கியிருந்தார்கள். நித்யாவை அனுப்ப வேண்டாம் என்றேன். "அந்தப் பொண்ணு என்ன பண்ணிச்சு? நீங்க பெரியவங்க சண்டைய பெரியவங்களோட வச்சுக்கங்க" என்றாள் சரோஜா. மேனேஜர் கார் வந்து அழைத்துப் போயிற்று.

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். "அப்பா, இட் வாஸ் ஸோ ப்ளூ! யூ குட் ஸீ த பாட்டம்!" என்று ஓடி வந்து மடியில் ஏறினாள். ஈரத் தலையை என் நெஞ்சில் சாய்த்தாள். குளோரின் நெடி. அளவாக, சுத்தமாக, நன்றாகப் பராமரித்த குளத்தின் நெடி. திங்கட்கிழமை என் கையில் சிக்கிய சட்டைக் காலரில் இருந்ததும் அதே நெடிதான்.

குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தேன். "தலையைத் துவட்டு" என்று கத்தினேன். அவள் மிரண்டுபோனாள். அவளுக்கு என்ன தெரியும்? செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பார்வையாளர் நேரம் முடிய அரைமணி இருந்தது.

நல்லையா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குரல் இருந்த இடத்தில் வெறும் காற்று வந்தது.

"நேற்று பொலிஸ் வந்தது, சேர். ஹிந்தியில சொல்லிச்சினம். பிழை என்னிலயாம். கம்பெனி கெமிஸ்ட் எழுதித் தந்திட்டாராம்." மூச்சு வாங்கினார். "நான் சொன்னன், சேர் அப்பிடி எழுதமாட்டார் எண்டு."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எழுதினீங்களோ?"

"நான் அப்படி எழுதலண்ணே. இங்கிலீஷ்ல வேற மாதிரிதான்..."

"கான்சல் அடிச்சிட்டினமாம். அடுத்த கிழமை பிளேன். கட்டுநாயக்காவில இறங்கி நான் எங்க போறது, சேர்? இந்த நெஞ்சோட?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பதில் வரும் என்று. "நான் மோந்து பாத்துத்தான் ஊத்துறனான். குழிக்குள்ள முழுக்க குளோரின் மணம். ரெண்டாவது கலன்ர மணம் தெரியேல்ல. அதைத்தன்னும் எழுதியிருக்கலாம்."

நர்ஸ் வந்து நேரம் முடிந்தது என்றாள்.

6

சனிக்கிழமை காலை ஆபீசுக்குப் போகவில்லை. லேபுக்குப் பின்வழியாகப் போய் ஃபைலிலிருந்து அந்த மெமோவை எடுத்தேன். கரீம் பாயிடம், "ஸ்டேஷனுக்குப் போகணும். அரபி பேச ஆள் வேணும். உங்க வேலைக்கும் ஆபத்து வரலாம்" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். அவர் பஹ்ரைனுக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. "சலோ" என்று மட்டும் சொல்லி வேன் சாவியை எடுத்தார்.

ஸ்டேஷனில் அதிகாரி இளைஞர். என் அறிக்கையை எடுத்து மேஜையில் போட்டார். அந்த அரபு வாக்கியத்தில் விரலை வைத்துக் கரீம் பாயிடம் ஏதோ சொன்னார். கரீம் பாய் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"சாப், இதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? தொழிலாளி தப்பு செய்தான். அவ்வளவுதான் இருக்கிறது."

மூன்று மணி நேரம் செதுக்கிய என் வாக்கியம், டைப்பிங் கடையில் இரண்டே நிமிடத்தில் அப்படி ஆகியிருந்தது. அடித்தவர் மேல் குற்றமில்லை. அவருக்கு ஆள் தெரியாது, கேன் தெரியாது. லேபிள் இல்லை என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வினைச்சொல் எப்படிப் புரண்டாலும் நல்லையாவின் மேல் விழுந்திருக்காது. நடுவில் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் நெஞ்சின் மேல் நின்றிருந்தேன்.

"கலத் மாஃபி நல்லையா" என்றேன் அதிகாரியிடம். நல்லையா மேல் தப்பில்லை. அதற்கு மேல் என் அரபி போகவில்லை. "கலத் கம்பெனி. கலத் அனா." கம்பெனி மேல் தப்பு, என் மேல் தப்பு. மெமோவை நீட்டினேன். ஓரத்தில் இருந்த 'நோட்டட்' என்ற சொல்லையும் கையெழுத்தையும் காட்டினேன். அந்த இளைஞருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரிந்திருந்தது. இரண்டு முறை படித்தார்.

"இரண்டு மாதம் முன்னால் எழுதியிருக்கிறாய். பிறகு அதே கேனோடு அந்த ஆளை நீயே கூட்டிப் போயிருக்கிறாய்" என்றார் இங்கிலீஷில்.

"ஆமாம்."

"முதல் அறிக்கையில் இதை ஏன் சொல்லவில்லை?"

என் பாஸ்போர்ட்டை, தங்கை கல்யாணத்தை, ஈசா டவுன் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவரிடம் என்ன சொல்வது? "பயம்" என்றேன்.

அவர் தலையசைக்கவும் இல்லை, அனுதாபப்படவும் இல்லை. புதுத் தாள் எடுத்தார். நான் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அரபியில் எழுதினார். கரீம் பாயை வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வரியாக ஹிந்தியில் கேட்டு, பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

7

முடிவு எப்படி ஆயிற்று என்று கேட்பீர்கள். நியாயம் ஜெயித்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. போலீஸ் முதலாளியைக் கூப்பிட்டு மெமோவைக் காட்டியது. வழக்கு வேண்டாம் என்று அவர் இறங்கி வந்தார். நல்லையாவின் கேன்சல் நின்றது. குணமாகும்வரை ஆஸ்பத்திரி, அதன் பிறகு வேறு கஃபீலிடம், அதாவது விசா கொடுக்கிற வேறு முதலாளியிடம், வேலைக்குப் போகலாம் என்று அனுமதிக் கடிதம். அதோடு "கலாஸ்", விஷயம் முடிந்தது என்றுவிட்டார்கள். கோபிநாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இன்னும் அதே வில்லாவில்தான் இருக்கிறார். இந்த மார்ச்சிலும் குளத்தைத் திறந்திருப்பார்.

நல்லையா இப்போது முஹரக்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கணக்கெழுதுகிறார். இரண்டு மாடி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறதாம். கடற்கரைப் பிள்ளை, இனித் தண்ணீருக்குள் மூச்சடக்க முடியாது. தமக்கு நேர்ந்ததற்கு நானே காரணம் என்று அவர் ஒருநாளும் எழுதியதில்லை. காப்பாற்றினேன் என்றும் எழுதியதில்லை. இரண்டுமே சரிதான்.

என் வேலை போய்விட்டது. மேனேஜர் மகள் பள்ளிக்கூடத்தில் நித்யாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். "ஷீ வோன்ட் டாக் டு மி, அப்பா. பிகாஸ் ஆஃப் யூ" என்று ஒருநாள் அழுதாள். நடந்ததை அவளுக்குத் தமிழில் சொன்னேன், ஒன்றையும் மறைக்காமல், நான் எழுதிய முதல் அறிக்கை உட்பட. முழுக்கக் கேட்டுவிட்டு, "ஸோ யூ லைட் ஃபர்ஸ்ட்?" என்றாள். ஆமாம், முதலில் பொய்தான் சொன்னேன் என்றேன். அவள் அதை இன்னும் மறக்கவில்லை. மறக்க வேண்டாம்.

ஏப்ரல் கடைசியில் பாஸ்போர்ட் வாங்கப் போனேன். கோபிநாத் ஒரு தாளை நீட்டினார். குடும்பக் காரணங்களால் என் சொந்த விருப்பத்தின் பேரில் ராஜினாமா செய்கிறேன் என்று இங்கிலீஷிலும் அரபியிலும் அடித்திருந்தது. பக்கத்தில் கம்பெனியின் அரபுக் குமாஸ்தா, ஸ்டாம்பும் மைப்பெட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

"டிஸ்மிஸ்னு போட்டா உங்களுக்கு வேற எங்கயும் வேலை கெடைக்காது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கையெழுத்துப் போட்டுட்டு பாஸ்போர்ட்ட எடுத்துக்கங்க" என்றார் கோபிநாத், தமிழில்.

பேனாவை வாங்கினேன். கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போலப் பெரிய எழுத்தில், தமிழில் எழுதினேன்: 'இது என் விருப்பமல்ல. கேன்களில் லேபிள் இல்லை என்று கோபிநாத்துக்குத் தெரியும். நல்லையா மேல் தவறில்லை.' கீழே கையெழுத்துப் போட்டேன்.

குமாஸ்தா தாளை இழுத்துப் பார்த்தார். "இண்டியன் சிக்னேச்சர்? லாங் நேம்" என்று சிரித்துவிட்டு ஸ்டாம்பை மையில் அழுத்தி ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். தாள் ஃபைலுக்குள் போயிற்று. அந்தக் கட்டடத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். முகம் கறுத்துப்போயிருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று குமாஸ்தாவிடம் அவரால் சொல்ல முடியாது. சொன்னால் படித்துக் காட்ட வேண்டும்.

"வாட் இஸ் திஸ் நான்சென்ஸ்?" என்றார்.

பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"தமிழ்ல கேளுங்க சார், சொல்றேன்."

அவர் கேட்கவில்லை.